உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது

வந்தவர் உட்காருவதற்கு முன்னால் கைக்குட்டையை எடுத்து நாற்காலியைத் துடைத்தார். துடைத்த கைக்குட்டையை அழுக்குப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, அதைத் தொட்ட விரல்களில் ஒரு சின்ன பாட்டிலிலிருந்து ஏதோ மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சித் தேய்த்துக்கொண்டார். அறை முழுக்க ஆஸ்பத்திரி வாசனை பரவியது.

"காலைலதான் சார் துடைச்சேன்," என்றான் குண்டூசி. "ஆனா நீங்க நம்பணும்னு கட்டாயம் இல்ல."

குண்டூசிக்கு வயது நாற்பத்திரண்டு, எடை நாற்பத்தெட்டு. பதினாலு வருஷம் ஒரு நோட்டரி ஆபீஸில் டைப் அடித்தவன். உருவத்துக்காக வைத்த பெயர் வாய்க்கும் பொருந்திப்போனதால் அப்படியே நிலைத்துவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்தவரை எல்லோரும் வக்கீலம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கறுப்பு கோட்டைக் கழற்றிப் பதினோரு வருஷம் ஆகிறது. பொய் சொல்கிறான் என்று தெரிந்தே ஒருவனுக்காக வாதாடி ஜெயித்த மறுநாள் கழற்றியது. அதற்குப் பிறகு டயர் கடை மாடியில் இந்த இரண்டு அறைகளும், துப்பறியும் தொழிலும்.

"விஷயத்தைச் சொல்லுங்க," என்றார் வக்கீலம்மா.

வந்தவருக்கு ஐம்பது இருக்கும். பத்தொன்பது வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டுப் போன வருஷம் திரும்பியவர். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

"எங்க அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு. மூளை போயிடுச்சு மேடம். எட்டு மாசமா ஒரு முதியோர் இல்லத்துல வச்சிருக்கேன். அவங்களுக்கு என்னைக் காப்பாளரா போடச் சொல்லி மனு கொடுத்திருக்கேன். நாளைக்குக் காலைல கோர்ட்ல வருது. அது முடிஞ்சாத்தான் அவங்க பேர்ல இருக்கற வீட்டை நான் ஏதாவது செய்ய முடியும்."

"டாக்டர் சர்டிஃபிகேட் இருக்கா?"

நீட்டினார். பதினோரு வரி. நேரில் பரிசோதித்தேன், நினைவு முழுவதும் அழிந்துவிட்டது, பெற்ற மகனையே அடையாளம் தெரியவில்லை, இனித் திரும்ப வழியில்லை. ஒரு இடத்தில்கூட 'இருக்கலாம்', 'போலத் தெரிகிறது' என்ற தயக்கம் கிடையாது.

"இந்த டாக்டருக்குச் சந்தேகமே வராது போல," என்றான் குண்டூசி. "நம்ம தெரு டாக்டர் ஜலதோஷத்தையே ரெண்டு மனசாத்தான் சொல்வார்."

அவர் அதைக் காதில் வாங்காமல் இரண்டு நோட்டுப் புத்தகங்களை மேசையில் வைத்தார். "அம்மா தினம் இங்கிலீஷ்ல எழுதுவாங்க. இதைப் படிச்சா உங்களுக்கே புரியும்." ஒரு பக்கத்தைப் பிரித்து, பழகிய இடத்தில் நிறுத்தி, பழகிய குரலில் படித்தார். "'ஒன் மேல் பெர்சன், செட் டு பி மை சன்.' ஆண் ஒருவர், என் மகன் என்று சொல்லப்படுபவர். பெத்த பிள்ளையைப் பத்தி இப்படி எழுதறாங்க மேடம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண் உலர்ந்துதான் இருந்தது.

வக்கீலம்மா நோட்டை வாங்கிப் புரட்டினார். மூளை போனவர்களின் எழுத்து கோணும், வரி சரியும். இந்தக் கையெழுத்து அடிக்கோல் வைத்து எழுதியதைப் போல நேராகப் போனது. எழுதியிருந்ததுதான் விசித்திரம். பால் அடங்கியதாகச் சொல்லப்படும் கோப்பை ஒன்று. காய்கறி அடங்கியதாகச் சொல்லப்படும் தட்டு ஒன்று, நேற்று வேகவைத்ததாகத் தோன்றுகிறது. வைட்டமின் எனச் சொல்லப்படும் வெள்ளை மாத்திரை ஒன்று.

குண்டூசி தோளுக்கு மேலாக எட்டிப் படித்துச் சிரித்தான். அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றது.

'அறையில் உடனிருப்பவர். தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருக்கிறார். இறந்துவிட்டார். தெரிவித்தது காலை ஆறு மணி. எடுத்துச் சென்றது மதியம் இரண்டு மணி.'

"இது என்ன?" என்றார் வக்கீலம்மா.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு வயசான அம்மா இருந்தாங்க. போயிட்டாங்க."

"எட்டு மணி நேரம் அப்படியே விட்டிருக்காங்க. உங்க அம்மா பக்கத்துலயே உக்காந்திருந்திருக்காங்க."

"அம்மா எழுதினது மேடம் அது. அவங்களுக்கு மணியெல்லாம் எங்க தெரியப்போகுது."

வக்கீலம்மா நோட்டை மூடினார். "உங்க அம்மா என்ன வேலை பாத்தாங்க?"

"ஹார்பர்ல ஏதோ ஆபீஸ் வேலை. கிளார்க் மாதிரி."

"எத்தனை வருஷம்?"

"இருக்கும், ஒரு முப்பது, முப்பத்தஞ்சு."

அம்மாவின் வியாதியைப் பதினோரு வரியில் அழுத்தம் திருத்தமாகக் கொண்டுவந்தவனுக்கு, அம்மாவின் வாழ்க்கையைப் பற்றி 'ஏதோ', 'மாதிரி', 'இருக்கும்' என்பதற்கு மேல் தெரியவில்லை.

"மூணாவது நோட்டு ஒண்ணு இருக்கு," என்றார் அவர். "நாலு மாசம் முன்னாடி ஆரம்பிச்சது. காணோம். இன்னும் மோசமா எழுதியிருப்பாங்க. ஜட்ஜ் பாத்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். நீங்க அதைக் கண்டுபிடிச்சு என் கைல கொடுக்கணும். படிக்கணும்னுகூட இல்ல. அப்படியே கொடுத்தா போதும்."

அவர் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை குண்டூசி பொறுத்திருந்தான். "'படிக்கணும்னுகூட இல்ல.' லவ் லெட்டருக்குத்தான் மேடம் இப்படிச் சொல்வாங்க."

"ஜன்னலைத் திற. அந்த மருந்து நாத்தம் போகட்டும்."

*

முதியோர் இல்லத்தில் வேறு நாற்றம். மூத்திர வாடையின் மேல் ஃபினைலை ஊற்றியிருந்தார்கள். இரண்டும் சண்டை போட்டு இரண்டுமே ஜெயித்திருந்தன. கூடத்தில் ஆறு பாட்டிமார்கள் டிவிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டிவி ஓடவில்லை. ஒருத்தியும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஓர் ஆயா ஒரு பாட்டியின் வாயைத் துணியால் துடைத்தாள். அதே துணியால் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அடுத்த பாட்டியின் வாய்க்குப் போனாள்.

"இங்க எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரிதான்," என்றாள் மேனேஜர். முகத்துக்குப் பவுடர், கழுத்துவரை.

"எங்க வீட்டுலயும் நாறும்," என்றான் குண்டூசி. "நாங்க ஜன்னலைத் திறப்போம்."

மேனேஜர் சிரிக்கவில்லை. அவர்களை அறைக்கு அழைத்துக்கொண்டு போனவள், திரும்பிப் போகாமல் கதவிலேயே நின்றாள்.

அம்மா ஜன்னலோரம் நாற்காலியில் சரிந்து கிடந்தார். கண்கள் பாதி மூடியிருந்தன. கடைவாயில் எச்சில் கோடாக வழிந்தது. பக்கத்துக் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். எட்டு மணி நேரத்துக் கட்டில்.

வக்கீலம்மா குனிந்தார். "அம்மா, உங்க பையன் அனுப்பி வந்திருக்கோம். நீங்க எழுதின நோட்டு ஒண்ணைக் காணோமாம். எங்க வச்சீங்க?"

அம்மாவின் பார்வை மெல்ல ஊர்ந்து வந்தது. வக்கீலம்மாவின் வலது கையைப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, நகங்களைப் பார்த்து, விரல்களைத் தடவினார். "சீல் உடைஞ்சிருக்கா?" என்று குழறினார். "திறந்து பாத்தாச்சா?"

"பாக்காம எதையும் நம்ப மாட்டேன்மா," என்றார் வக்கீலம்மா.

"எப்பவும் இதே பேச்சுதான்," என்றாள் மேனேஜர். "தட்டு கொடுத்தா திருப்பி அடியைப் பாப்பாங்க. தலையணையை அமுக்கி அமுக்கிப் பாப்பாங்க. பாவம், ஒண்ணும் புரியாது."

அந்த நேரத்தில் வக்கீலம்மாவின் உள்ளங்கையில் காகிதம் ஒன்று அழுந்தியது. பத்து மடிப்பாவது இருக்கும், ஒரு பொத்தான் அளவுக்குச் சுருங்கியிருந்தது. கோர்ட்டில் கற்றவற்றில் ஒன்று முகத்தை மாற்றாமல் இருப்பது. கையை மூடிக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணும் தேறாது போலிருக்கு," என்று மேனேஜரிடம் சொன்னார். "வரோம்."

கேட்டைத் தாண்டிக் காருக்குள் உட்கார்ந்த பிறகுதான் காகிதத்தைப் பிரித்தார். ஒரு சலவைக் கம்பெனியின் ரசீது. படுக்கை விரிப்பு பன்னிரண்டு, தலையணை உறை பன்னிரண்டு. பின்பக்கம் அதே நேர்க்கோட்டுக் கையெழுத்து: 'சீல் வைத்த பார்சல் ஒன்று பெற்றுக்கொண்டேன். இந்தச் சீட்டைக் கொண்டுவருபவரிடம் மட்டும் கொடுக்கவும்.' அதன் கீழே கோணல்மாணலாகத் தமிழில் ஒரு கையெழுத்து.

"மூளை போனவங்க ரசீது வாங்கி வச்சிருக்காங்க," என்றான் குண்டூசி. "நான் என் கல்யாணப் பாத்திரத்தை அடகு வச்சப்பகூட வாங்கல."

*

சலவைக் கம்பெனியின் பின்கட்டில் ஆவி மண்டிக் கிடந்தது. நாலு இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. தரையில் குவிந்திருந்த அழுக்கு விரிப்புகளில் எது எந்த இடத்தினுடையது என்று மூக்கே சொல்லிவிடும். வேன் டிரைவர் நாற்பத்தைந்து வயதுக்காரர், கை இரண்டிலும் ரப்பர் உறை. சீட்டைப் பார்த்ததும் உறையைக் கழற்றிவிட்டு, தன் கையெழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"இப்பவாவது வந்தீங்களே," என்றார். "ஒரு மாசமா வண்டி சீட்டுக்கு அடியில வச்சிருக்கேன்."

"பிரிச்சுப் பாத்தீங்களா?"

"சர்வேயரம்மா சீல் வச்சதை நான் பிரிப்பேனா."

"சர்வேயரா?" என்றார் வக்கீலம்மா.

"தெரியாதா? நான் முன்னாடி ஹார்பர்ல லாரி ஓட்டினேன். இவங்க அங்க சரக்கு சர்வேயர். கப்பல்ல இருந்து இறங்கற பெட்டியெல்லாம் இவங்க பாத்து எழுதினாத்தான் வெளிய போகும். போன மாசம் துணி எடுக்கப் போனப்ப அடையாளம் கண்டுக்கிட்டேன். அவங்களும் என்னைக் கண்டுக்கிட்டாங்க. மேனேஜரம்மா அந்தப் பக்கம் திரும்பின நேரமாப் பாத்து, அழுக்குத் துணி மூட்டைக்குள்ள இதைச் செருகிட்டு, சீட்டுல கையெழுத்து போடுன்னாங்க."

வக்கீலம்மா மெதுவாகக் கேட்டார். "'செட் டு கன்டெய்ன்'. இந்த வார்த்தை உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷே அதுதாங்க," என்று டிரைவர் சிரித்தார். "எல்லா சரக்குச் சீட்டுலயும் இருக்கும். பெட்டி மேல டீத்தூள்னு எழுதியிருக்கும். உள்ள டீத்தூள்தான் இருக்குன்னு யாருக்குத் தெரியும்? திறந்து பாக்காதவரைக்கும் 'டீத்தூள் அடங்கியதாகச் சொல்லப்படும் பெட்டி'ன்னுதான் எழுதணும். திறந்து பாத்துட்டா அந்த 'சொல்லப்படும்' போயிடும். உள்ளதை உள்ளபடி எழுதணும்."

"அவங்க அப்படித்தான் எழுதுவாங்களா?"

"அவங்களை மாதிரி யாரும் எழுத மாட்டாங்க. ஒரு தடவை பதப்படுத்தின மீன்னு பெட்டி வந்துச்சு. பெரிய ஆளோட சரக்கு. திறக்க வேணாம், கையெழுத்து போடுங்கன்னு மேலதிகாரியே வந்து நின்னார். இவங்க திறந்தாங்க. புழு நெளிஞ்சுது. நாங்கள்லாம் வாந்தி எடுத்தோம். அவங்க மட்டும் மூக்கைப் பிடிக்காம நின்னு, எத்தனை பெட்டின்னு எண்ணி எழுதினாங்க. மறுநாளே கண்காணாத ஷெட்டுக்கு மாத்திட்டாங்க. அவங்க அசரல."

குண்டூசி வக்கீலம்மாவைப் பார்த்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே விஷயம் விளங்கியது. அந்த நோட்டுகளில் 'சொல்லப்படும்', 'தோன்றுகிறது' என்று தயங்கிய வரிகள் புத்தி கலங்கியவரின் வரிகள் அல்ல. அவர் இன்னும் சரிபார்க்காத விஷயங்கள். தயக்கம் இல்லாத வரிகளோ, கண்ணால் கண்டு, கையால் தொட்டு எழுதிய சாட்சியம்.

*

காரிலேயே உட்கார்ந்து பார்சலைப் பிரித்தார்கள். வக்கீலம்மா படிக்க, குண்டூசி ஒரு தாளில் குறித்துக்கொண்டான். தயங்கும் வரிகளை விட்டுவிடு, மற்றதை எழுது என்று சொல்லியிருந்தார்.

'வைட்டமின் எனச் சொல்லப்படும் வெள்ளை மாத்திரை, தினம் இரண்டு.' இதை விட்டார்கள். இரண்டு பக்கம் தள்ளி வந்தது: 'மூன்று நாள் மாத்திரையை விழுங்கவில்லை. தலை தெளிவாக இருக்கிறது. மூன்று நாள் விழுங்கினேன். தலை தெளிவாக இல்லை. மறுபடி மூன்று நாள் விழுங்கவில்லை. தெளிவு. மாத்திரை வைட்டமின் அல்ல.'

"ஆய்வுக்கூடம் எதுக்கு மேடம்," என்றான் குண்டூசி. "பாட்டி தன் தலையையே வச்சுப் பாத்துட்டாங்க."

'மருத்துவர் ஒருவர், வந்து பரிசோதித்ததாகச் சொல்லப்படுகிறது. நான் பார்க்கவில்லை. அந்தத் தேதியன்று காலை முதல் இரவு வரை அறையில் விழித்திருந்தேன்.' சர்டிஃபிகேட்டில் இருந்த அதே தேதி. பார்க்காதவன் சந்தேகமே இல்லாமல் எழுதியிருக்கிறான். பார்த்தவள் ஒவ்வொரு கோப்பைக்கும் சந்தேகப்பட்டிருக்கிறாள். வக்கீலம்மாவுக்கு வாய் கசந்தது. கண்ணாடியை இறக்கி வெளியே துப்பிவிட்டு மேலே படித்தார்.

'மகன் என்று சொல்லப்படும் ஆண், காகிதப் பை ஒன்றை மேனேஜரிடம் கொடுத்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பையில் மாத்திரை அட்டைகள். மேனேஜர் எண்ணினார். இருபது. அதே அட்டை மாலையில் ஆயாவின் பையில் இருந்தது.'

கடைசி ஆறு பக்கங்களில் எழுத்தே இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் மாத்திரைகளை வரிசையாக வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். ஒவ்வொரு பிளாஸ்திரியின் மீதும் பாதி, காகிதத்தின் மீது பாதியாகத் தேதியும் கையெழுத்தும். பிரித்து ஒட்டினால் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

"சாம்பிள் எடுத்து சீல் வச்சிருக்காங்க," என்றார் வக்கீலம்மா.

குண்டூசி அவசரமாக முதல் நோட்டைப் புரட்டினான். "மேடம், ஒண்ணு கவனிச்சீங்களா? பால்னு சொல்லப்படுவதுன்னு ஆரம்பிச்சாங்க. அப்புறம் பால் பவுடரும் தண்ணியும்னு எழுதிட்டாங்க. சந்தேகத்தை ஒவ்வொண்ணா தீத்துக்கிட்டே வராங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் மூணு நோட்டுலயும் அப்படியே இருக்கு. 'மகன் என்று சொல்லப்படும்.' எட்டு மாசமா வந்து போறவரை இன்னும் உறுதி பண்ணலைன்னா?"

"சொல்லு."

"அவர் பையனே இல்ல. பத்தொன்பது வருஷம் வெளிநாடு. எவனோ ஒருத்தன் முகச்சாயலை வச்சுக்கிட்டு வந்து நிக்கறான். உண்மை தெரிஞ்சவங்க அம்மா மட்டும்தான். அதனாலதான் அவங்களைப் பைத்தியமாக்கறான்."

வக்கீலம்மா அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு இரண்டு போன் செய்தார். முதலாவது, தெரிந்த இன்ஸ்பெக்டருக்கு. இரண்டாவது, கட்சிக்காரருக்கு. "நோட்டு கிடைச்சிருச்சு. மூணரை மணிக்கு ஹோமுக்கே வந்துடுங்க."

*

கட்சிக்காரர் வந்தார். அறைக்குள் நுழைந்ததும் கதவுப் பிடியைத் தொட்ட கையில் மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டார். அம்மா அதே நாற்காலியில், அதே சரிவில், அதே எச்சில் கோட்டுடன் கிடந்தார். மேனேஜர் கதவருகே நின்றாள்.

"கொடுங்க," என்று கையை நீட்டினார்.

"முதல்ல ஒரு கேள்வி," என்றார் வக்கீலம்மா. "இவங்களோட பையன் எங்க?"

"என்ன கேக்கறீங்க? நான்தான்."

"நீங்க இவங்க பையன் இல்ல. மூணு நோட்டுலயும் எழுதியிருக்காங்க. இவங்க எழுதற முறை எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது. தனக்கு நிச்சயமாத் தெரியாததை மட்டும்தான் இவங்க 'சொல்லப்படும்'னு எழுதுவாங்க."

அவர் முகத்தில் பயம் வரும் என்று குண்டூசி எதிர்பார்த்தான். வந்தது சிரிப்பு. நிஜமான, நிம்மதியான சிரிப்பு. பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். பள்ளிக்கூடச் சான்றிதழின் நகல், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பழைய போட்டோ, எல்லாம் கோர்ட்டுக்காகத் தயாராக வைத்திருந்தார். இடது புருவத்தை வெட்டும் தழும்பு போட்டோவில் இருந்த பையனுக்கும் இருந்தது. "வேணும்னா ரத்தம் எடுத்துக்கூடப் பாருங்க மேடம். நல்ல துப்பு."

வக்கீலம்மா அம்மாவின் பக்கம் திரும்பினார்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். முந்தானையால் கடைவாயைத் துடைத்தார். பாதி மூடியிருந்த கண்கள் முழுதாகத் திறந்திருந்தன. மேனேஜர் ஓரடி பின்வாங்கினாள்.

"என் பையன்தான்," என்றார். குரலில் குழறல் இல்லை. "பிறந்தப்ப மூணு கிலோ நூறு கிராம். புருவத்துல அடிபட்டது அலமாரி முனையில. நான்தான் தூக்கிட்டு ஓடினேன்."

"அம்மா," என்றார் மகன். சட்டென்று வெளிறிப்போனார். "உங்களுக்கு, நீங்க மாத்திரை..."

"முதல் நாலு மாசம் முழுங்கினேன். அப்புறம் நோட்டுல ஒட்டினேன். நோட்டு போனப்புறம் இதோ, இந்தத் திரை மடிப்புல இருக்கு. வந்து எண்ணிக்கோ."

வக்கீலம்மா நாற்காலிக்கு முன்னால் குனிந்தார். "அப்ப ஏம்மா அப்படி எழுதினீங்க? உங்க பையன்தான்னு தெரிஞ்சும்?"

அம்மா மகனைப் பார்த்தபடியே பேசினார். "மேல ஒட்டின லேபிள் சரிதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா பத்தொன்பது வருஷம் கழிச்சு வந்திருக்கு. உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? சின்ன வயசுல காய்ச்சல் வந்தா இவன் என் விரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவான். அந்தப் பையன் உள்ள இருக்கானான்னு பாத்துட்டு எழுதலாம்னு இருந்தேன். மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தப்பகூட, யாரோ ஏமாத்திக் கொடுத்திருப்பாங்க, அவனுக்குத் தெரியாம இருக்கும்னு நினைச்சேன். அவசரப்பட்டு எழுதக் கூடாதுன்னு இருந்தேன். எட்டு மாசம் பாத்தேன்."

"அம்மா, அது ஏதோ தூக்கத்துக்குன்னு..." மகன் எச்சில் விழுங்கினார். "யாரோ ஒரு டாக்டர் சொன்னார். உங்களுக்கு நல்லதா இருக்கும்னு... எனக்கு அந்த அளவுக்கு..."

"ஏதோ. யாரோ. இருக்கும்," என்றார் அம்மா. "இருபது அட்டை வாங்கிட்டு வந்து கொடுத்தியேப்பா. அப்ப இந்தத் தயக்கமெல்லாம் இல்லையே."

ஜீப் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் ஒரு பெண் போலீசோடு உள்ளே வந்தார். வக்கீலம்மா மூன்றாவது நோட்டை அவர் கையில் கொடுத்து, பிளாஸ்திரி ஒட்டிய பக்கங்களைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு கையெழுத்தாகப் பார்த்துவிட்டு, மேனேஜரிடம் மருந்து அலமாரியின் சாவியைக் கேட்டார். அவள் சாவி ஆயாவிடம் இருக்கிறது என்றாள். ஆயா, என்னிடம் என்றைக்குமே கொடுத்ததில்லை என்றாள். பவுடருக்கு அடியில் வியர்வை வழி கண்டுபிடித்து இறங்கியது.

வக்கீலம்மா சுவரில் சாய்ந்துகொண்டார். அவன் வேறு எவனாகவாவது இருந்திருக்க வேண்டும் என்று தான் மனதார விரும்பியது அப்போதுதான் அவருக்கே புரிந்தது. அந்நியன் ஒருவன் கிழவியை ஏமாற்றினான் என்றால் அது குற்றம், அவ்வளவுதான், கைகழுவிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். இதை என்னவென்று சொல்வது என்று தெரியவில்லை. கறுப்பு கோட்டைக் கழற்றிய அன்றுகூட இவ்வளவு அசிங்கத்தைப் பார்த்ததில்லை.

"அம்மா," என்றார். "புகார் எழுதணும். உங்க பையன் பேரு வரும். ஜெயிலுக்குப் போவார். யோசிச்சுச் சொல்லுங்க."

"எழுதுங்க. கையெழுத்து போடறேன்."

போட்டார். கீழே தேதியும் மணியும் எழுதினார். மகனை அழைத்துக்கொண்டு போனபோது அம்மா வாசல்பக்கம் திரும்பவில்லை. மகனும் பின்னால் பார்க்கவில்லை.

நாளைய மனுவைப் பற்றிக் கோர்ட்டுக்குச் சொல்ல வேண்டியதைக் குண்டூசி போனில் சொல்லி முடித்தான். "எல்லாம் சொல்லியாச்சும்மா," என்றான், வழக்கமில்லாத மரியாதையோடு. "காரைக் கேட்டுக்கே கொண்டு வரேன். வீட்டுக்குப் போயிடலாம்."

"எங்க போறது," என்றார் அம்மா. நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து நின்றார். வக்கீலம்மா ஓடிவந்து பிடித்துக்கொண்டார். "இந்த மாத்திரை எனக்கு ஒருத்திக்கு மட்டும்னா நினைக்கிறீங்க? எனக்கு வந்தது என் பையன் கொண்டு வந்தது. மத்தவங்களுக்கு யாரு கொண்டு வந்து கொடுக்கறாங்கன்னு நான் பாக்கல. ஆனா நாலு மணிக்கு எல்லா ரூமுக்கும் அதே வெள்ளை மாத்திரைதான் போகுது. அதைப் பாத்தேன்."

கூடத்தில் ஓடாத டிவியின் முன்னால் உட்கார்ந்திருந்த ஆறு பேரும் வக்கீலம்மாவின் கண்முன் வந்தார்கள். ஆறு பேருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். சட்டையில் சுருக்கம் இல்லாத பிள்ளைகள்.

"மணி என்ன?" என்று கேட்டார் அம்மா.

"நாலாகப் போகுது."

"அப்ப சீக்கிரம் வாங்க."

தாழ்வாரத்தில் வரிசையாக மூடிய கதவுகள். குண்டூசி முன்னால் ஓடிப்போய் முதல் கதவின் தாழ்ப்பாளில் கைவைத்தான். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. அம்மா அவன் கையை விலக்கினார். விரலை மடக்கி, இரண்டு தரம் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருந்தார். தட்டி யாரும் உள்ளே வந்து பழக்கமில்லையோ என்னவோ, உள்ளேயிருந்து ஒரு மெல்லிய குரல், நம்பாமல் கேட்டது.

"யாரு?"

"பக்கத்து ரூமுங்க," என்றார் அம்மா. "உள்ள வரலாமா?"